ஐந்தரைக் கிலோ கையிருப்பு

அவசரம் என்று அழைக்கப்பட்ட அந்த அம்மையார் தம் ஐம்பத்தேழு ஆண்டு வாழ்வில் ஒருமுறையேனும் அவசரப்பட்டவர் அல்லர். பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாரோ ஒரு குறும்புக்காரர் இட்ட பட்டப்பெயர் அது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பெற்றோர் இட்ட பெயர் பணிப்பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துப் புழங்குவார் எவருமிலர். மின்தூக்கி இருந்தும் நான்கு மாடிகளையும் படியேறியே கடப்பார். தேநீரை நன்றாக ஆறவிட்ட பின்னரே அருந்துவார். எந்த எண்ணையும் முதலில் பென்சிலால் எழுதி, மறுநாட் காலை இன்னொருமுறை கணக்கிட்டுப் பார்த்து, மாறாதிருந்தால் மட்டுமே அதன்மேல் பேனாவை ஓட்டுவார். செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் போகிறது, அக்கா பேனா மூடியைத் திறப்பதற்குள் அது ஒரு கடலைத் தாண்டிவிடும் என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்வதுண்டு. அம்மையார் சிரித்துக்கொண்டே மூடியை இன்னும் மெதுவாகத் திறப்பார்.

அவருடைய பணி, பூமியைப் படம்பிடிக்கும் ஒரேயொரு செயற்கைக்கோளை அதன் பாதையில் நிறுத்திவைப்பது. ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால் அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் என்றுதான் அவருடைய சம்பந்தியம்மாள் உட்பட ஊரில் பாதிப்பேர் நினைத்திருந்தனர். உண்மை வேறு. அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் உயரத்திலும் காற்றின் மிச்சம் மீதி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் உரசி உரசிச் செயற்கைக்கோளைக் கீழே இழுக்கும். சூரியன் அமைதியாயிருக்கும் ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஓர் ஆள் உயரம் இறங்கும். சூரியன் சீறத் தொடங்கினாலோ காற்று சூடேறி உப்பி மேலெழும். அப்போது ஐந்துமாடிக் கட்டட உயரத்தை ஒரே நாளில் இழந்துவிடும். போதாததற்குச் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்து பாதையின் சாய்வை ஆண்டுதோறும் இம்மி இம்மியாக மாற்றும். தொடக்கத்தில் எந்த ஊரின்மேல் வந்தாலும் அவ்வூர்க் கடிகாரத்தில் காலை பத்தரையாகத்தான் இருந்தது. இப்போது பத்தாகிவிட்டது. முதலாண்டுப் படங்களையும் இவ்வாண்டுப் படங்களையும் அடுத்தடுத்து வைத்தால், அதே பாலத்தின் நிழல் ஆற்றில் இப்போது நீண்டு கிடப்பது தெரியும். இந்தச் சரிவுகளையெல்லாம் ஈடுகட்ட, சிறு எஞ்சினைச் சில நொடிகள் இயக்கி உந்தவேண்டும். தரைநிலையத்தின் பெரிய ஆன்டெனா அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நாள் வியாழக்கிழமை. எனவே எந்த உந்துதலும் வியாழனன்றுதான். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு உந்துதல்கள். ஒன்றுக்குக்கூட அம்மையார் வராமலிருந்ததில்லை.

எரிபொருளைக் கவனிப்பவர், முன்சொன்ன பக்கத்து மேசைக்காரர். அவருக்கு "உண்டியல்" என்று பெயர். உள்ளே போனது வெளியே வராது என்பதால் இடப்பட்ட பெயர். பத்து கிராம் கூடுதலாகக் கேட்டால்கூட, சொத்தையே எழுதித்தரக் கேட்டதுபோல் முகத்தைச் சுளிப்பார். எடையற்ற இடத்தில் தொட்டிக்குள் குச்சியை விட்டு அளந்துபார்க்க இயலாது. எவ்வளவு வேகம் கிடைத்தது என்று அம்மையார் சொல்லவேண்டும். அதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று உண்டியல் கழிக்கவேண்டும். அவ்வளவே வழி.

ஏவிய நாளை இருவராலும் மறக்க முடியாது. ராக்கெட் முகிலுக்குள் மறைந்ததும் மற்றவரெல்லாம் எழுந்து கைதட்டினர், ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். அம்மையார் மட்டும், பாதையின் முதல் அளவுகள் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். அளவுகள் வந்தன. கடைசி அடுக்கு சற்று முன்னதாகவே ஓய்ந்துபோனதால், செயற்கைக்கோள் உரிய உயரத்திற்குப் பதினொரு கிலோமீட்டர் கீழே நின்றது. அதனை மேலேற்றவே பிறந்த வாரத்தில் இரண்டரைக் கிலோ எரிபொருள் போயிற்று. அந்த வாரம் அம்மையாரின் வயிற்றில் புகுந்த பயம் பிறகு வெளியேறவேயில்லை.

பயம் செய்த காரியம் இது. முதல் உந்துதல் முடிந்தபின், கிடைத்த வேகத்தைப் பென்சிலில் எழுதியவர், பேனாவால் எழுதும்போது ஒரு சிட்டிகை கூட்டி எழுதினார். கூடுதலாக வேகம் கிடைத்ததென்றால் கூடுதலாக எரிபொருள் போயிருக்கும் என்று உண்டியல் கழித்துவிடுவார். உண்மையிலோ அந்தப் பதினெட்டு கிராம் தொட்டியிலேயே இருக்கும். நாளைக்கு ஏதேனும் ஆபத்து வந்தால் உதவுமே என்பதுதான் எண்ணம். பிறகு அதுவே வழக்கமாயிற்று. நூற்றுப் பன்னிரண்டு சிட்டிகைகள் சேர்ந்து இரண்டு கிலோவாகிவிட்டன. அது வேறொருவருக்கும் தெரியாது.

பதினான்காம் ஆண்டில் இறுதி நாள் வந்தது. செயற்கைக்கோளைத் தாழ்த்தி, ஆளில்லாக் கடலின்மேல் எரிந்துவிழச் செய்ய நாற்பது கிலோ வேண்டும். அதனைத் தொடக்கூடாது என்பது விதி. பதிவேட்டில் இருப்பு அந்த நாற்பதைத் தொட்டுவிட்டது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அம்மையார் ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதும். தாழ்த்தும் பணியைத் தனிக்குழு ஒன்று அவ்வார இறுதியில் ஏற்றுக்கொள்ளும். அடுத்து ஏவவேண்டிய புதிய செயற்கைக்கோள் ஆயத்தமாக இன்னும் பதினாறு மாதங்கள் ஆகும். வெள்ளத்தடுப்புத் துறைப் பொறியாளர் ஒருவர், இனி அந்தப் பதினாறு மாதமும் ஆற்றுக்கரையின் உடைப்புகளை நடந்துபோய்த்தான் பார்க்கவேண்டும் என்று வருத்தத்துடன் கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதத்தை அம்மையார் நான்குமுறை படித்துவிட்டார்.

வீட்டிலோ பெட்டிகள் கூடத்தின் நடுவே திறந்து கிடந்தன. கடல்கடந்த நாட்டில் வாழும் ஒரே மகளுக்கு இது நிறைமாதம். அவளுடைய பள்ளி ஆண்டுவிழாவும் பட்டமளிப்பும் வியாழக்கிழமைகளில் வந்து தொலைத்தமையால் அம்மா இல்லாமலேயே நடந்தேறின. அதைக் குறையாக அவள் சொன்னதில்லை, வேடிக்கையாகச் சொல்வாள். ஞாயிறன்று தொலைபேசியிலும் அப்படித்தான் சொன்னாள்.

"உன் மூத்த பிள்ளைய நல்லபடியா எறக்கி வச்சிட்டு வாம்மா. சின்னது இங்க காத்துக்கிட்டு இருக்கேன்."

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். விமானச் சீட்டை அடுத்த வாரத்து வியாழனுக்கு அவர்தாம் எடுத்திருந்தார். வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததாகவும், மனைவிக்கு வேலையில்லாத முதல் வியாழனைக் கொண்டாடாமல் விடுவதா என்றும் கடைக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் அம்மையார் தேநீரைக் கலக்கிக்கொண்டேயிருந்தார். சர்க்கரை கரைந்து வெகுநேரமாகியிருந்தது. கண்ணாடியொன்றைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர், "கோப்பைக்கு அடியில ஓட்டை விழப்போகுது" என்றார். அதன்பிறகுதான் அம்மையார் இரண்டு கிலோவைப் பற்றிச் சொன்னார். அலுவலகத்தில் சொல்லாமலிருந்தால் அது யாரும் அறியாமல் கடலின்மேல் எரிந்துபோகும். அடுத்த வார வியாழனன்று விமானம் ஏறலாம். சொன்னால் செயற்கைக்கோள் இன்னும் ஆறேழு மாதம் படம் தரும். ஆனால் சூரியன் சீறிக்கொண்டிருப்பதால், இருப்பை மெய்ப்பித்த கையோடு உயர்த்தியாகவேண்டும். அதுவும் அதே வியாழனன்று. பதினான்கு ஆண்டுகள் தவறான எண்ணை எழுதியவர் என்ற பெயரும் ஓய்வுபெறும் காலத்தில் வந்து சேரும்.

கணவர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மீண்டும் துடைத்தார்.

"சொல்லாம வந்தேன்னு வை. அங்க குழந்தையக் கையில வச்சிக்கிட்டும் நீ இங்கதான் இருப்ப."

"நம்ம பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது?"

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல அந்த டீயக் குடி. இன்னிக்கு உனக்கே பிடிக்காத அளவுக்கு ஆறிப்போச்சு."

கூட்ட அறையில் எழுவர் இருந்தனர். இயக்குநர் தாளையும் பேனாவையும் அம்மையாரின் பக்கம் நகர்த்தினார். ஒரு காலத்தை நிறைவுசெய்யும் கையெழுத்து என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மையார் பேனாவைத் தொடவில்லை.

"தொட்டியில இன்னும் ரெண்டு கிலோ இருக்குங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி எழுதி நான்தான் ஒளிச்சு வச்சேன். தப்புதான்."

எல்லோரும் உண்டியலைப் பார்த்தனர், ஏமாற்றப்பட்டவர் அவரல்லவா? உண்டியலின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. அவர் மேசைமேல் நெற்றியைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணி ஒருவர் தண்ணீர்க் குவளையை நகர்த்தினார். தலை நிமிர்ந்தபோது அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் மூணரை."

எஞ்சின் நொடிக்கு எவ்வளவு குடிக்கிறது என்பதை அவரும் முதல் நாளிலிருந்தே சற்று மிகையாக வைத்துக் கழித்துவந்திருக்கிறார். வேகத்தின் கணக்கு சரியாகத்தான் இருக்குமா என்ற ஐயம் உண்டியலுக்கு; எரிபொருளின் கணக்கு சரியாகத்தான் இருக்குமா என்ற ஐயம் அம்மையாருக்கு. ஒருவர் எண்ணை ஒருவர் நம்பாமல் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிவைத்ததில், நடுவே ஐந்தரைக் கிலோ சேர்ந்துவிட்டது. இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். திட்டவேண்டுமா பாராட்டவேண்டுமா என்று விதிநூலில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"பதினாலு வருஷமா பக்கத்துப் பக்கத்து மேசையிலதானே உக்காந்திருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னால் போதுமா, மெய்ப்பிக்க வேண்டுமே. அதற்கொரு வழி இருந்தது. தொட்டியைச் சுற்றியுள்ள வெப்பமூட்டியைச் சிறிதுநேரம் இயக்கி, எவ்வளவு விரைவாகச் சூடேறுகிறது என்று பார்க்கவேண்டும். நிறையத் தண்ணீர் உள்ள பானை மெதுவாகவும், கொஞ்சம் உள்ள பானை விரைவாகவும் சூடாவதைப் போலத்தான். மூன்று நாட்கள் சூடேற்றினர், ஆறவிட்டனர், மறுபடியும் சூடேற்றினர். இருவரும் ஒரே திரையின்முன் தோளோடு தோள் உரச அமர்ந்து, வெப்பக்கோடு மேலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கோடு வெகு மெதுவாக ஏறியது. எவ்வளவு மெதுவாக ஏறியதோ அவ்வளவுக்கு அவர்களுக்கு மகிழ்ச்சி. இவ்வளவு சோம்பேறித்தனமான கோட்டைத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று உண்டியல் சொன்னார். இருவரும் தத்தம் உண்மையான எண்களை முதன்முறையாக அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது, அம்மையாருக்குத் திருட்டுப்பண்டம் பங்கிடும் பிள்ளைகளின் நினைவு வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. வியாழன் மாலையில் விடை கிடைத்தது: நாற்பதுக்குமேல் ஐந்து கிலோ நானூறு கிராம், சற்றே முன்பின்னாக. சிக்கனமாக உந்தினால் ஒன்றரை ஆண்டு தாங்கும். புதியது மேலே வரும்வரை படங்கள் நிற்கமாட்டா.

வெள்ளியன்று காலையில் அதே அறையில் அதே எழுவர் கூடினர். வெள்ளத்தடுப்புப் பொறியாளருக்குச் செய்தி சொன்னதாகவும், அவர் தம் கால்களின் சார்பில் நன்றி கூறியதாகவும் இயக்குநர் தெரிவித்தார். எண்களைக் கூட்டி எழுதியது பற்றி இருவரும் விளக்கம் எழுதித் தரவேண்டும் என்றார். அதனை அவர் கடுமையாகச் சொல்ல முயன்றும் முகம் ஒத்துழைக்கவில்லை. பிறகு நாட்காட்டியைப் புரட்டி, நூற்றுப் பதின்மூன்றாம் உந்துதல் வரும் வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு என்று அறிவித்தார். பொறுப்பாளர் யார் என்று அவர் கேட்கவேயில்லை. அம்மையாரின் பெயர் அச்சடித்த படிவம் முன்கூட்டியே மேசைமேல் இருந்தது.

அம்மையார் அந்தப் படிவத்தைப் பார்த்தார். சுவரிலிருந்த திரையில் உலகப்படத்தின் விளிம்பில் ஒரு சிறுபுள்ளி தோன்றி, பெருங்கடலின்மீது ஏறிவந்துகொண்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு முறை அதற்காக அவர் படியேறி வந்திருக்கிறார். தாம் இல்லாவிட்டால் அது விழுந்துவிடும் என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை. அவராகவே அப்படி நினைத்துக்கொண்டார். உண்டியலும் அப்படித்தான் நினைத்திருக்கிறார் என்பது இந்த வாரம்தான் தெரிந்தது. இருவர் பயந்து பயந்து காத்த பொருள் இருவர் நினைத்ததைவிடவும் நலமாகவே இருந்திருக்கிறது. அது ஒருவகையில் வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்திற்கடியில், பாரத்தை இறக்கிவைத்த தோளின் சுகமும் இருந்தது.

படிவத்தை எடுத்து உண்டியலின் முன் வைத்தார். அவர் திகைத்துப்போய், "நான் தனியாவா அக்கா?" என்று கேட்டார்.

"ஆமா தம்பி, நீங்கதான். வியாழக்கிழமை நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். எவ்வளவு வேகம் கிடைச்சுதோ அத அப்படியே எழுதுங்க, கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்ற அம்மையார், வழக்கம்போல் அவசரமின்றிச் சொன்னார்: "நான் போன் பண்ணிக் கேக்க மாட்டேன்."