ரப்பர்ப் பாலில் எழுதிய பெயர்

மலேசியாவின் ஈப்போவில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற குமரப்பன், ஒரு காலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி ஆங்கிலக் கவிதை ஒன்றைப் போட்டார். தமிழில் அது இப்படி வரும்: ரப்பர்ப் பாலில் விரலால் என் பெயரை எழுதினேன். மதியத்துக்குள் பால் உறைந்து பெயரை மூடிக்கொண்டது. நாளை யாருக்கோ செருப்பாகிக் கடல் கடக்கும். நடப்பவருக்கு என் பெயர் எதற்கு? அடியில் 'குமரப்பன்' என்று மட்டும் இருந்தது.

எழுதியவர் அவருடைய ஐயா, அப்பாவைப் பெற்றவர். சுங்காய்ப் பக்கம் இப்போது செம்பனை நிற்கும் இடத்தில் குடும்பத்துக்கு ரப்பர்த் தோட்டம் இருந்தபோது, ஜப்பான்காரன் வருவதற்கு முன் எழுதியது. நகரத்தார் வழக்கப்படி மூத்த பேரனுக்கு ஐயாவின் பெயரையே வைத்திருந்தார்கள்.

முதல் பதில் பழைய சகா மகேந்திரனிடமிருந்து வந்தது. "மச்சான், இவ்வளவு நாளா இத எங்கலா ஒளிச்சு வச்சிருந்த?"

'என்னுடையது அல்ல' என்று குமரப்பன் தட்டினார். அதற்குள் பாராட்டுகள் வரிசையாக விழுந்தன. தட்டியதை அழித்தார்.

அந்த வாரமே வாசகர் வட்டத்துச் செயலாளர் தேவிஸ்ரீ அழைத்தாள். பழைய ஆங்கிலக் குறுங்கவிதைகளில் புகழ் என்ற தலைப்பில் அவர் பேச வேண்டும். அன்றைக்கே அவருக்குப் பொன்னாடை. மேடையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்து ஒப்புக்கொண்டார்.

குமரப்பன் கவிதைக்கு மரியாதை செய்கிறார்களாம் என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. நாச்சாள் அத்தை அதைத் தன் அப்பாவுக்கென்றே எடுத்துக்கொண்டாள். அவள் ஐயாவின் கடைசி மகள்; அந்த நான்கு வரியும் அவளுக்கு மனப்பாடம். அப்பா பெயரை மகள் வாயால் சொல்லக்கூடாதென்று, அதே பெயர் கொண்ட அண்ணன் மகனை அவன் பிறந்ததிலிருந்து 'அப்பச்சி' என்றுதான் அழைப்பாள். அந்த வீட்டில் அப்பாவுக்கு அதுதான் சொல். கூடவே அப்பாவுக்குரிய மரியாதையும் கொடுப்பாள்.

பட்டுடுத்திக் காரில் ஏறியவள், "மெதுவாவே ஓட்டுங்க அப்பச்சி. இந்த மரியாதைக்கு இத்தன வருஷம் காத்திருந்தவுக இன்னும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டாகளா?" என்று சிரித்தாள். அவளிடமாவது அப்போது சொல்லியிருக்கலாம். அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

மேடையில் நன்றாகவே பேசினார். கல்லறை சிதைந்தாலும் என் வரி நிற்கும் என்று அந்தக் காலத்துக் கவிகள் பலர் சூளுரைத்தார்கள், சிலர் தங்களுக்குக் கிடைத்த பெயரையே கேலி செய்தார்கள், கேலி செய்தவர்களும் கவிதைக்கு அடியில் பெயர் போட மறக்கவில்லை என்றார். சபை சிரித்தது. தேவிஸ்ரீ பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கை நீட்டினாள்.

"சார், உங்க கவிதைய எப்ப எழுதினீங்க?"

முன்வரிசையில் அத்தை சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தவறை இப்போது திருத்துவார் என்ற நம்பிக்கை அந்தச் சிரிப்பில் இருந்தது.

"சின்ன வயசுல," என்றார். "சுங்காய்ல, எங்க தோட்டத்துல."

கைதட்டல் ஓயும்வரை அவர் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு மேசைக்கு மகேந்திரன் வந்து, மருமகன் பெரிய ஆளாகிவிட்டார் என்று அத்தையிடம் சொன்னான். அவள் மறுக்கவில்லை, தலையசைத்தாள். தட்டிலிருந்த மீஹூன் அப்படியே ஆறிக் கிடந்தது.

கார் நிற்குமிடத்தில் பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு குமரப்பன் சாவியைத் தேடினார். "அத்தை," என்று தொடங்கினார். அவள் காரின் மறுபக்கம் நின்றிருந்தாள்.

"குமரப்பா," என்றாள். "கதவத் தொற."