இருபத்தைந்து மில்லிமீட்டர்

சாரத்தில் நின்றபடி சத்தியசீலன் இரும்பு உத்தரத்தின்மேல் அடித்திருந்த காரையில் அளவு ஊசியைக் குத்திப் பார்த்தான். தீத்தடுப்புக் காரை இருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் பதினாறுதான் இருந்தது. நாலடி தள்ளிக் குத்தினான். பதினேழு.

மலேசியாவின் கோலா சாவாவில் தோட்டத் தொழிலாளர்களுக்காக எழும்பும் மூன்று மாடி விடுதி அது. நூற்றிருபது பேர் படுத்துத் தூங்கப்போகிற கட்டடம். கீழே தீப்பிடித்தால் இரும்பு உத்தரங்கள் சூடேறி வளையாமல் இரண்டு மணி நேரம் தாங்கவேண்டும். அதற்குள் மேலே இருப்பவர்கள் இறங்கிவிடலாம். அதற்காகத்தான் குழாயால் பீய்ச்சியடிக்கும் இந்தக் காரை. உள்ளே காற்று நிற்கும்வரைதான் அது சூட்டைத் தடுக்கும். கரடுமுரடாக, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். இருக்கவும் வேண்டும்.

இதுவோ பளிங்குபோல் வழவழத்தது. தேவனின் கைவேலை. லோபாக்கில் பாதி வீடுகளுக்குச் சுவர் பூசியவர், அவன் மனைவி ரோகினியின் அண்ணன். காரை வேலையை மேற்பார்க்கும் சத்தியசீலன்தான் அவரைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டு, வேறு வேலையாக மூன்று நாள் பகாவ் பக்கம் போய்விட்டான். அடித்ததைத் தொடவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அந்த மனுஷன் ஈரம் காய்வதற்குள் பூச்சுக் கரண்டியால் அழுத்தி அழுத்தி இழைத்துவிட்டு, படம் பிடித்துத் தங்கைக்கும் அனுப்பியிருந்தார். தோட்ட மேனேஜர்கூடத் தோளில் தட்டிவிட்டுப் போனாராம்.

மதியம் அதிகாரிகள் தடிமனைச் சோதிக்க வருகிறார்கள். மூலையில் இரண்டு இடங்கள் தடிமனாகத்தான் இருந்தன. ஊசியை எங்கே குத்துவது என்று காட்டப்போவது சத்தியசீலன்தான். அந்த நினைப்பு வந்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னா மாப்ள, ஓக்கேவா?" தேவன் கீழே நின்று கேட்டார்.

சாரத்திலிருந்து இறங்கினான். "எல்லாத்தையும் சொரண்டணும் மச்சான்."

தேவன் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க அமுக்குனதுல காத்து போயிருச்சி. தீ வந்தா தாங்காது. என் தப்புதான், நான் சொல்லல."

"மேல இன்னொரு கோட்டு அடிச்சா போதும்லா."

"வழவழன்னு கெடக்கு. ஒட்டாது."

தேவன் தான் இழைத்ததை அண்ணாந்து பார்த்தார். "அசிங்கமா இருக்கேன்னுதான் இழுத்தேன்" என்றார்.

சத்தியசீலன் சுரண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான். தகட்டைக் காரையில் வைத்தவனுக்குக் கை நகரவில்லை. பின்னாலேயே தேவன் ஏறிவந்தார்.

"குடு மாப்ள. நீ இழுத்தா பீமுல பெயிண்டு போயிரும்."

ஒரு முனையில் தகட்டைப் பதித்து நிதானமாகத் தன் பக்கம் இழுத்தார். காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து அவர் தோளிலும் தலையிலும் உதிர்ந்தது. ஒரு கஜ நீளம் வெறும் இரும்பு தெரிந்ததும் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுரண்டிய ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.