பூச்சியாகவே இருக்கட்டும்

டப்பாவை மூடிய கையோடு மதுரைவீரன் ஸ்கூட்டரின் பின்னால் தொற்றி ஏறினான். அவன் பெண்டாட்டி நாகவல்லி பாரிவாக்கம் ரோட்டுக் குழிகளில் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு விரட்டினாள்.

“மெதுவா போடி, கொட்டிக்கப் போவுது!”

“இறுக்கிப் புடி. ஆறிப்போனா பூச்சி அசையாதுன்னு லேப்காரரு சொன்னாரு இல்ல?”

எச்.ஐ.வி. மாத்திரையை வருஷக்கணக்காக ஒரு வேளை தவறாமல் விழுங்கி, அம்பத்தூரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆள் அவன். ஒரு மாதமாக வயிறு தண்ணீராய்ப் போனது; பசி என்ற பேச்சே இல்லை, இடுப்பில் லுங்கி நிற்கவில்லை. மாத்திரை கைவிட்டுவிட்டது, இனி தேற மாட்டோம் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். நாகவல்லிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். வைரஸ் தலைதூக்கியிருக்கலாம், வயிற்றில் பூச்சி புகுந்திருக்கலாம், மருந்தே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா ரத்தமும் மலமும் கேட்டார். முதல் டப்பாவில் ஒன்றும் மாட்டவில்லை. பூச்சி தினமும் வெளியே வராது, வேறொரு நாள் சுடச்சுடக் கொண்டுவரச் சொன்னார்கள். வைரஸாக இல்லாமல் பூச்சியாகவே இருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே ஓட்டினாள் நாகவல்லி.

லேப்காரர் சம்பத் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

“யம்மா, இங்க வந்து பாரு.”

ஒரு கண்ணை இறுக மூடிக் குனிந்தாள். பேரிக்காய் போல ஒன்று புரண்டு புரண்டு போனது.

“யோவ், நீந்துதுய்யா! உசுரோட கீது!”

வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

“கத்தாதடி, மானம் போவுது.”

டாக்டரம்மா ரத்த முடிவையும் பார்த்தார். “ஜியார்டியா. யாருக்கும் வர்ற பூச்சிதான், மாத்திரையில போயிடும். உங்க எச்.ஐ.வி. மருந்து நல்லா வேலை செய்யுது, வைரஸ் அடங்கித்தான் இருக்கு. என்ன தண்ணி குடிக்கிறீங்க?”

“தளதளன்னு கொதிக்க வெச்சதுதான் மேடம்,” என்றாள் நாகவல்லி பெருமையாக.

“வேலைக்கு ஓடுறவன் கொதிக்கிறத எப்பிடிக் குடிக்கிறது?” என்றான் மதுரைவீரன். “டிரம்முத் தண்ணிய ஊத்தி வெளாவித்தான் குடுப்பா.”

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “பச்சத்தண்ணி கலந்தா கொதிக்க வெச்சது எதுக்கும்மா? தானா ஆறட்டும்.”

நாகவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும், “உன்ன சாவடிக்கப் பாத்தது நான்தான்யா!” என்று சிரித்தாள்.

“அத அப்புறம் பேசிக்கலாம். பசிக்குதுடி.”

“இன்னா சொன்ன?”

“பசிக்குதுன்னேன்.”

“இன்னொரு வாட்டி சொல்லுய்யா!” என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.