எண்ணூறு டன் மிச்சம்

பாண்டி பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் இருக்கிறது அந்தத் தையல் கடை. சிம்ரா அங்கே கட்டிங் மாஸ்டர். பதினாறு வருஷமாக பிளவுஸ் வெட்டுகிறாள். அடையாறிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அவள் கைக்காகத்தான் வருகிறார்கள். ஆனால் தைத்து முடித்த பிளவுஸின் கழுத்துக்குள் ஏறுவதென்னவோ கடையின் பேர் போட்ட லேபிள். அதில் அவளுக்கு வருத்தமா என்று கேட்டால், வருத்தம்தான். அதை அவள் யாரிடமும் மறைத்ததும் கிடையாது.

இப்படிப்பட்டவள் போர்க்கப்பல் கட்டக் கிளம்பியது கொரோனா சமயத்தில். கடை மூடிக் கிடந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மகளின் லேப்டாப்பில் எதையோ தேடப் போக, அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களை வடிவமைக்கும் இலவச மென்பொருள் ஒன்று கண்ணில் பட்டது. கப்பலின் வரைபடத்தைப் பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டைக் காகிதத்தில் வளைவு வளைவாகக் கோடு போட்டு, அதிலிருந்து ஒரு உடம்பை வரவழைக்க வேண்டும். இதைத்தானே தினமும் செய்கிறோம் என்று உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பீரங்கி எத்தனை, கவசத் தகடு எத்தனை அங்குலம், எஞ்சின் எவ்வளவு பெரிசு என்று கொடுத்தால் போதும். கப்பல் மிதக்குமா, எவ்வளவு வேகம் போகும், எத்தனை அடி அமிழும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அவளுடைய முதல் ஆறு கப்பல்களும் குப்புறக் கவிழ்ந்தன. ஏழாவது மிதந்தது.

கணவன் ரெஹான் புடவைகளுக்கு ஆரி வேலை செய்கிறவன். ஊசியைக் கீழே வைக்காமலே அவளைக் கிண்டல் செய்வான்.

"பீச்சுல கால நனைக்கச் சொன்னா ஓடுற. நீ கப்பல் கட்டிக்கினு கீறியா?"

"கட்டத்தான் போறேன், ஏறவா போறேன்?" என்பாள் சிம்ரா.

இந்த வருஷம் அடையாறில் ஸ்ரீநாத் என்பவர் நடத்தும் சின்ன கேம் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. 1912 முதல் 1920 வரை நடக்கிற கடற்போர் விளையாட்டு ஒன்றை அவர்கள் தயாரிக்கிறார்கள். அதற்கு ஒரு பேட்டில்குரூசர் வேண்டும். பெரிய போர்க்கப்பலுக்கு உண்டான பீரங்கி, அதைவிடக் கூடுதல் வேகம், அந்த வேகத்துக்காக மெலிந்த கவசம்: அதுதான் பேட்டில்குரூசர். சரித்திரத்தில் இல்லாத கற்பனைக் கப்பலாக இருக்க வேண்டும். எடை இருபத்தெட்டாயிரம் டன்னைத் தாண்டக் கூடாது. ஜெயிக்கிற கப்பல் விளையாட்டில் சேரும், வடிவமைத்தவரின் பேர் அதன் பக்கத்தில் வரும். வேறு பரிசு கிடையாது. அந்தப் பேருக்காகவே சிம்ரா மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்தாள்.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு பேர் தேறினார்கள். ஒருத்தி சிம்ரா. மற்றவன் வெங்கடேஷ், கப்பல் பொறியியல் படித்த பையன், இருபத்தாறு வயது. அடையாறு காந்தி நகரில் இருக்கும் ஆபீஸில் காலை பத்து மணிக்கு இருவரையும் உட்காரவைத்த ஸ்ரீநாத், சிம்ராவின் கப்பலைத் திறந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், எண்ணூறு டன் மிச்சம் காட்டுதே. கவனிக்கலையா?"

"தெரிஞ்சுதான் சார் வுட்டேன்."

"அதுல கவசத்தக் கூட்டிக்கலாமே. பத்து நிமிஷம் தரேன், மாத்திக்கோங்க."

"வேணாம் சார். அப்டியே இருக்கட்டும்."

வெங்கடேஷ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். கேலியாகப் பார்த்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

இரண்டு கப்பல்களையும் மோதவிட்டார்கள். வெங்கடேஷின் கப்பலில் கடைசி டன் வரை எஞ்சினும் இரும்பும்தான். வேகத்திலும் முந்தியது, அடியையும் தாங்கியது. முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் சிம்ராவின் கப்பல் மூழ்கிப்போனது. ஸ்ரீநாத் கைகொடுப்பதற்காக வெங்கடேஷ் பக்கம் திரும்பினார்.

"சார், இது எந்த வருஷத்துச் சண்ட?" என்று கேட்டாள் சிம்ரா.

"1913 மேடம்."

"உங்க கேமு 1920 வரிக்கும் போவும்னு நோட்டீஸ்ல கீதே. வருஷத்தத் தள்ளி இன்னொருவாட்டி ஓட்டுங்க."

"போட்டியில அப்படி ஒண்ணு சொல்லலையே."

"ஒரு வருஷம் மட்டும் ஓடுனா போதும்னும் சொல்லலியே சார்."

ஸ்ரீநாத் கையைப் பிசைந்தார். சிம்ராவுக்குப் பயம் இல்லை. தன் வெட்டின்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது.

"ஓட்டிப் பாத்துடலாம் சார்," என்றான் வெங்கடேஷ். "எனக்கும் தெரிஞ்சாகணும்."

வருஷத்தை 1917-க்குத் தள்ளினார்கள். அந்த விளையாட்டில் அதற்குள் பீரங்கிகளின் வீச்சு கூடி, குண்டுகள் உயரத்திலிருந்து செங்குத்தாக விழ ஆரம்பித்திருக்கும். அதனால் எல்லாக் கப்பலுக்கும் மேல்தளத்தில் புதுக் கவசம் கட்டாயம். கூடவே புதுக் கருவிகள், கூடுதல் ஆட்கள். ஆகமொத்தம் ஆயிரத்து அறுநூறு டன் ஏறியது.

வெங்கடேஷின் கப்பல் ஒன்றரை அடி அமிழ்ந்தது. இடுப்பைச் சுற்றி அவன் பூட்டியிருந்த கனத்த கவசப் பட்டை முக்கால்வாசி தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு மேலே இருந்தது வெறும் மெல்லிய தகடு. சிம்ராவின் கப்பலும் அமிழத்தான் செய்தது, ஆனால் காலியாக விட்டிருந்த எண்ணூறு டன் போக, அதில் பாதிதான். பட்டையையும் முன்கூட்டியே ஓர் அடி தூக்கி வைத்திருந்தாள். அதிகம் அமிழ்ந்த வெங்கடேஷின் கப்பல் மெதுவாகிவிட, இந்தத் தடவை வேகமும் அவள் பக்கம். எவ்வளவு தூரத்தில் நின்று சுடுவது என்பதை அவளே முடிவு செய்தாள். ஐம்பத்தொன்றாவது நிமிஷத்தில் வெங்கடேஷின் கப்பல் மூழ்கியது. பையன் வாயைத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிக்கா? இவ்ளோ எடை ஏறும்னு எங்கயாவது படிச்சீங்களா?"

"இல்ல தம்பி. கல்யாணப் பொண்ணுக்கு பிளவுஸ் வெட்டுனா, உள்ள ஒன்றர இஞ்ச் துணி வுட்டுத்தான் வெட்டுவேன். ரெண்டு வருஷத்துல அதையே தூக்கினு வருவாங்க, பிரிச்சு பெருசு பண்ணித் தாங்கன்னு. உடம்புன்னா ஏறும். கப்பலுக்கு மட்டும் ஏறாதா இன்னா?"

ஸ்ரீநாத் இரண்டு சண்டைகளின் முடிவையும் மறுபடி ஒருதரம் பார்த்தார். "1920 வரைக்கும் தாங்கப்போறது இந்தக் கப்பல்தான்," என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். திரையில் அவளுடைய கப்பல் மெல்லத் திரும்பி நின்றது. அதன் கீழே, 'வடிவமைப்பு: சிம்ரா' என்று எழுத்துகள் வந்தன.

"சரியா இருக்கா மேடம்?"

சிம்ரா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இத வேற யாராச்சும் பிரிச்சு எடுத்துட்டு, அவங்க பேர வெச்சுக்க முடியுமா?"

"முடியாது. கேம் இருக்கிற வரைக்கும் உங்க பேர்தான்."

அழுகிற ஆள் இல்லை அவள். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"சார்," என்றாள், "மொதல்லேர்ந்து இன்னொருவாட்டி காட்டுங்க."