சுத்தமான குழாய்

அத்தானின் சட்டைக் காலரில் விரலளவு எஃகுக் குழாயைக் கிளிப்போடு மாட்டிவிட்டு, மச்சினன் ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னான்: "யாராச்சும் கேட்டா பேனான்னு சொல்லுங்க." செருப்புப் பட்டறையில் பசை தடவுகிறவருக்குப் பேனா எதற்கு என்று கேட்குமளவுக்கு அங்கே யாரும் அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதனால் திட்டம் வெற்றி பெற்றது.

சில மாதங்களாக அத்தானுக்குப் பாதம் மரத்துப் போயிருந்தது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்வார். செருப்பு செய்கிறவருக்கு இது கூடுதல் அவமானம். முதலாளி இலவசமாக வைத்தியம் சொன்னார்: "குடிக்கிறத நிறுத்துய்யா, காலு தானா சரியாயிடும்." அத்தான் வாழ்நாளில் குடித்ததில்லை. டாக்டரோ, பட்டறைக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று யாராவது காட்டினால், பசையால் வந்த நோய் என்று தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அக்கா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சமைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னது காதுக்கு எட்டியதோ என்னவோ, குழாயோடு போய் வந்த மறுநாளே முதலாளி அத்தானை நிரந்தர ஓய்வுக்கு அனுப்பினார். பசையை மாற்றினார், அறைக்கு வெள்ளையடித்தார், மின்விசிறிகூட மாட்டினார். அந்த அறையின் பழைய காற்று இப்போது அந்தக் குழாய்க்குள் மட்டும்தான் மிச்சமிருந்தது.

மச்சினனுக்கு ஆய்வகத்தில் வேலை. குழாய்க்குள் இருக்கும் கரிய தூள் காற்றிலுள்ள ஆவிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவியில் வைத்துச் சூடேற்றினால் அத்தனையையும் கக்கிவிடும். அதோடு இணைந்த ஜி.சி. என்கிற பிரிப்புக் கருவி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரையில் முகடு முகடாக வரைந்து காட்டும். கக்குவது ஒரே ஒரு முறைதான். அப்புறம் காலில் விழுந்தாலும் வராது. வேலை முடிந்த குழாய்களை அடுப்பில் வைத்து, வாயு ஓட்டி, சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவார்கள்.

சொந்தக்காரருக்காக எடுத்த காற்று மாதிரி இது என்று மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே கருவி தனியாகக் கைக்குக் கிடைக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று, அவன் மூளையைக் கசக்கி, யாரும் சீண்டாத இடத்தில் குழாயை ஒளித்து வைத்தான். சுத்தம் செய்யக் காத்திருக்கும் அழுக்குக் குழாய்களின் தட்டு. வாரக்கணக்கில் அதை ஒருவரும் தொட்டதில்லை.

அன்றைக்குத்தான் பளிச்சுக்கு மனம் இளகியது. எதையும் துடைத்துக்கொண்டே இருப்பதால் கூட வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பெயர்.

"அண்ணா, உங்க அழுக்குத் தட்டு மொத்தத்தையும் அடுப்புல போட்டு எடுத்துட்டேன். தேங்க்ஸெல்லாம் வேணாம், ஒரு டீ போதும்."

"எல்லாத்தையுமா?"

"பின்ன, பாதியா செய்வாங்க? தொட்டுப் பாருங்க, இன்னும் சூடா இருக்கு."

தொட்டுப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தான்.

இருந்தாலும் மனசு கேட்காமல் குழாயைக் கருவியில் ஏற்றினான். திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து போனது. பின்னால் வந்து நின்ற மேனேஜர் மூச்சை இழுத்தார்.

"யாருய்யா இத சுத்தம் பண்ணது?"

பளிச் கையைத் தூக்கினாள்.

"இதாம்மா சுத்தம்! ஒரு பொட்டு கெடையாது. பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டுங்க, எல்லாரும் பாத்துக் கத்துக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் சந்தேகம் வரும் என்பதால் அவனும் தட்டினான். கொஞ்சம் பலமாகவே.

வெளியே போய் அக்காவுக்கு போன் செய்தான். "குழாய் கெட்டுப்போச்சுக்கா. அத்தான் வேலைக்குப் போட்டுட்டுப் போன சட்டை ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு கெடக்குடா, பையில கட்டி மூலையில போட்டிருக்கேன். பசை அப்பிக் கெடக்கு. அவுத்தாலே கொமட்டுது."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அது போதும்க்கா! நாளைக்கு ஆபீசுக்கு எடுத்துட்டு வந்துரு."

மறுநாள் மாலை இருவரும் வந்தார்கள். தன் பாதம் எங்கே படுகிறது என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தபடி அத்தான் படியேறினார். அக்கா புதுப் பையிலிருந்து சட்டையை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். நாலாக மடித்துத் தேய்த்திருந்தது.

"ராத்திரியெல்லாம் ஊற வெச்சு, மண்ணெண்ணெ போட்டுத் தேச்சு, மறுபடி சோப்பு போட்டு அலசினேன்டா. படிச்சவங்க இருக்குற எடத்துல அந்த நாத்தத்தோடயா குடுக்க முடியும்? மோந்து பாரு."

அத்தான் பெருமையாகத் தலையாட்டினார். அவன் சட்டையை வாங்கி முகத்தில் வைத்தான். மல்லிகைப்பூ வாசம். காலரின் மடிப்பு கன்னத்தில் கத்தி மாதிரி பட்டது. அவன் முகத்தை எடுப்பதற்காக இருவரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.