மூடியில் ஒரு புள்ளி

இருபது குழாய்களில் பத்தொன்பதில் ரத்தக்கட்டி கரைந்து இளஞ்சிவப்புத் தண்ணீராகிவிட்டது. பதினேழாம் எண் குழாயில் மட்டும் அப்படியே கிடந்தது. மூன்று மணி நேரமாக அசையவில்லை. அது என் கணவருடைய நுரையீரலிலிருந்து எடுத்தது.

கட்டி கரைக்கும் மருந்தைச் சோதிக்கிற எங்கள் ஆய்வகத்தில் குழாய்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். தெரிந்தவருடையது வந்தால் தொடக்கூடாது என்பது விதி. ஆனால் பதினேழோடு வந்த சீட்டில் அறுவை நடந்த தேதியும் நேரமும் இருந்தன. அந்த நேரத்தை நான் மறப்பேனா? யாரிடமும் சொல்லாமல் மற்றவற்றோடு அதையும் எடுத்துக்கொண்டேன்.

கால் வலிக்கிறது என்று அவர் சொன்னபோது, "மாடி ஏறச் சோம்பல், அதுக்கொரு சாக்கு" என்று கிண்டலடித்தவள் நான். பத்து வருஷமாக ரத்தக்கட்டிகளோடு குப்பை கொட்டுகிறவள்! இரண்டு நாள் கழித்துத்தான் கூட்டிப்போனேன்; அதற்குள் காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருந்தது. மருந்து ஏற்றியும் கரையவில்லை, அறுத்து எடுத்தும் பிழைக்கவில்லை. நாத்தனார் ஒரே ஒரு முறை கேட்டாள்: "ரெண்டு நாள் முன்னாடியே போயிருந்தா கரைஞ்சிருக்கும்ல அண்ணி?" அன்றிலிருந்து சாப்பிடுகிறேன், பஸ் பிடிக்கிறேன், வேலை பார்க்கிறேன். அழுகைதான் வரவில்லை.

ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "பதினேழு கல்லு மாதிரி கெடக்கே! எந்தப் புரதம் கரைய விடாம தடுக்குதுன்னு மிஷின்ல போட்டுப் பாத்துடலாம். கொண்டு வாம்மா."

முதலில் வராந்தாவுக்குப் போய் நாத்தனாருக்கு போன் செய்தேன். "அண்ணனோட கட்டி இங்க மருந்து விட்டும் கரையலைடி. எப்பப் போயிருந்தாலும் கரைஞ்சிருக்காது." அந்தப் பக்கம் அவள் ஓவென்று அழுதாள். எனக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போலிருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து குழாயை எடுத்தேன். கரைக்கிற மருந்தை ஒரு சொட்டு விட்டதும் மூடியில் நீல மையால் புள்ளி வைப்பது என் வழக்கம். பத்தொன்பது மூடிகளில் புள்ளி இருந்தது. இதில் இல்லை.

புள்ளியை மறந்தேனா, மருந்தையே மறந்தேனா? அவருடையது என்று தெரிந்தே செய்த வேலை, ஞாபகமில்லை. எல்லாக் குழாயிலும் உப்புநீர் இருக்கிறது. ஒரு சொட்டு கூடியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

"என்னம்மா, நின்ன எடத்துலயே வேர் விட்டுட்டியா?" என்று உள்ளேயிருந்து டாக்டரம்மா கேட்டார்.

"மருந்து விட்டேனான்னு தெரியல டாக்டர். இன்னொரு தடவ விட்டுப் பாக்குறேன்."

விட்டேன். புள்ளி வைத்தேன். வெந்நீர்த் தொட்டியில் குழாயை நிறுத்தி எதிரே உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டியின் ஓரம் லேசாக மங்கியது மாதிரி இருந்தது. கண் கலங்கியிருக்கும் என்று துடைத்துக்கொண்டேன். கண் காய்ந்துதான் இருந்தது.