அலி அக்பர் வீட்டுச் சுக்குத் தண்ணி

அலி அக்பரைச் சுமந்த ஜனாஸா தெருமுனை திரும்பியதுமே எதிர்வீட்டுக் குப்பம்மா உள்ளே நுழைந்து, அடுப்படியிலிருந்த பெரிய குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாடி பண்றே?” என்றாள் அவர் மனைவி ஜஹானாரா.

“மௌத்தான வூட்ல அடுப்பு பத்த வெக்க மாட்டீங்கல்ல? எங்க வூட்ல காச்சி எடுத்தாறேன். பாயைத் தூக்கினு போனவங்க தொண்டை காஞ்சி வருவாங்கக்கா.”

காலையிலிருந்து ஜஹானாராவை அரித்த கவலையே அதுதான். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்ந்தபின் அலி அக்பருக்குச் சாயங்கால வேலை சுக்குத் தண்ணி காய்ச்சுவதுதான். சிலிண்டர் போட வந்தவனானாலும் சரி, ஒரு டம்ளர் குடிக்காமல் படியிறங்கவிட மாட்டார். அப்பேர்ப்பட்டவரைச் சுமந்தவர்கள் இன்று வெறும் வாயோடு போவதா?

ஆண்கள் கபரஸ்தானில் அடக்கம் முடித்துத் திரும்பினார்கள். மகன் முபாஷிர் டம்ளர்களை நீட்டினான். முதல் வாயிலேயே வாசலில் இரண்டு பேர் இருமினார்கள். திரைக்குப் பின்னால் ஜஹானாராவும் ஒரு வாய் குடித்தாள். யா அல்லாஹ்! காரம் உச்சந்தலைக்கு ஏறியது. இனிப்பு மருந்துக்கும் இல்லை.

“குப்பு, கருப்பட்டி போடலியா?”

குப்பம்மா விழித்தாள். “கருப்பட்டியா? பாய் என்னிக்குப் போட்டாரு? இத்தினி வருசமா எங்க வூட்டுக்குக் குடுத்தனுப்பின சொம்புல இனிப்பே இருந்ததில்லியே. அதனாலதானே எங்க வூட்டுக்காரரு சுகரு வந்தும் வுடாம குடிச்சாரு.”

ஜஹானாராவுக்கு அப்போதுதான் விளங்கியது. கருப்பட்டி போடுவதற்கு முன்பே குப்பம்மா புருஷன் சுப்பராயனுக்கென்று ஒரு சொம்பு தனியாக மொண்டு வைத்திருக்கிறார் மனுஷன். ஊரோடு சேர்ந்து சுப்பராயனும் அதையே குடிப்பதாக நினைக்கட்டும் என்று, கட்டினவளிடம்கூட மூச்சு விடவில்லை. இப்படிப்பட்டவரோடு வாழக் கொடுத்து வைத்தேனே என்று நெஞ்சு நிறைந்து கண் பொங்கியது.

“அம்மா, மாமு சக்கர கேக்குறாரு,” என்று தன் தாய்மாமனுக்காக முபாஷிர் எட்டிப் பார்த்தான்.

குப்பம்மாவின் முகம் சுருங்கியது. வாசலில் சுப்பராயனின் கரகரத்த குரல் கேட்டது: “பாய் கைப்பக்குவம் அப்டியே கீதுப்பா!”

“சக்கர வேணாம். அத்தா காச்சினது இப்டித்தான்னு சொல்லு,” என்றாள் ஜஹானாரா.

காலி டம்ளரைக் குப்பம்மாவிடம் நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் ஊத்துடி.”